வாய்ஸ்மெயில் பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர்

முடித்துவிட்ட வேலையைக் கழற்றி வேறு சுவரில் மாட்டச் சொன்ன ஆள் என் தொழிலில் ஒருவர்தான். வருஷக்கணக்காகியும் அது எனக்கு ஆறவில்லை.

ஆபீஸ்களுக்கு டெலிபோன் இழுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் கம்பெனியில் வாய்ஸ்மெயில் பெட்டியை நான் முதலில் மாட்டியது வடக்குச் சுவரில். பக்கத்திலேயே இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச். கேபிள் ஒரு முழம்தான். வெயில் படாது, ஈரம் கசியாது. ஒயரெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். ஏணியை மடக்கிவிட்டுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையை இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார்.

"இங்கேருந்து சிவப்பு லைட்டு தெரியலையே" என்றார்.

"தெரியாட்டி என்ன சார்? நீங்க பாத்தாலும் எரியும், பாக்காட்டியும் எரியும்."

"பொறுப்பாளர் பார்வையில இருக்கணும்னு விதியில போட்டிருக்கு."

"அப்ப நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"நாற்காலி ஸ்டோர் ஜன்னலுக்கு நேரா இருக்கணும். அது வேற வேலை."

கழற்றினேன். மேற்குச் சுவரில் மாட்டினேன். கேபிள் அறையை முக்கால் சுற்று சுற்றி வந்தது. வடக்குச் சுவரில் நான் போட்ட ஓட்டைகள் அம்மைத் தழும்பு மாதிரி நின்றன. காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக நேராகப் பெட்டி மேல் விழும். வெயில் காலம் வந்தால் அது சூடாகி நின்றுவிடும், உடனே எனக்குப் போன் வரும். வருகிற வெளியாள் எவனாவது அந்த ஒயரைப் பார்த்துவிட்டு "இது யாரு பண்ணின வேலை?" என்று கேட்பான். என் பேரைத்தான் சொல்வார்கள். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த மனுஷனைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

அது தண்ணீர் பம்பும் உதிரி பாகமும் விற்கிற கம்பெனி. அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் என்றால் பம்பு இருக்கிற கிடங்கு இல்லை. அதற்கு வேறு ஆள், வேறு சாவி, வேறு மரியாதை. இவருடையது ஆபீஸ் நடைபாதையில் ஒரு ஜன்னல். பேனா, பேப்பர், பல்பு, கை கழுவுகிற சோப்பு. புது ரீஃபில் வேண்டுமென்றால் தீர்ந்த ரீஃபிலைக் கொண்டுவர வேண்டும். அதைத் தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்ப்பார். ஒரு கோடு விழுந்தாலும் போச்சு, "இன்னும் ரெண்டு நாள் வரும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சோப்பு வேண்டுமா, தேய்ந்த சில்லைக் காட்டு. சேல்ஸ் ஆட்கள் அவரைப் பார்த்தால் பேனாவைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அவருடைய பேர் யாருக்கும் தெரியாது. "ஸ்டோர்" என்றால் அவர்தான். அவர் மனைவியே "ஸ்டோர் வீட்டம்மா" ஆகிவிட்டார்.

வீடு என்று இருந்தது கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை. கம்பெனி குவார்ட்டர்ஸ். வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால் சாமான் தெருவுக்கு. ஒரே மகள், நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். வீட்டில் எதை எடுத்தாலும் கிரீஸ் வாடை வரும். அந்தப் பெண்ணின் புத்தகத்திலும் வரும்.

இவர் எப்படிப் பொறுப்பாளர் ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். அதை நேரில் பார்த்தவன் நான். ஏணி மேல் நிற்கிறவனுக்குக் காது கிடையாது என்று எல்லா ஆபீஸிலும் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த சங்கதி அதிகம்.

அப்போது டெலிபோன் துறையின் அனுமதி இல்லாமல் பொது லைனில் எதையும் மாட்ட முடியாது. ஜனங்கள் குரலைப் பிடித்து வைக்கிற பெட்டி என்றால் கெடுபிடி இன்னும் கூடுதல். பெட்டி மேல் அனுமதி ஸ்டிக்கர் இருக்க வேண்டும். தனியாக எர்த் கம்பி இறக்க வேண்டும். உங்கள் குரல் பதிவாகிறது என்று கூப்பிடுகிறவனுக்குச் சொல்ல வேண்டும். பெட்டி தன்னிஷ்டத்துக்கு வெளியே யாருக்கும் டயல் பண்ணக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பேர் கையெழுத்தோடு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஏதாவது தப்பு நடந்தால் துறை வந்து அவரைத்தான் கேட்கும்.

மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, "யாரு இருக்கீங்க?" என்று கேட்டார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கணக்குப் பார்க்கிறவருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஞாபகம் வந்தது. சேல்ஸ்காரர், தான் மாதத்தில் பாதி நாள் வெளியூர் என்றார். அவர் தெருமுனை தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.

"நம்ம ஸ்டோரைப் போட்டுடுங்க" என்றார் மேனேஜர். "அவர்தான் எங்கயும் போக மாட்டார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா தலையைக் குடுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே?"

சிரித்தார்கள். கூட்டம் முடிந்தது.

ஸ்டோர் ஜன்னலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அந்த மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். "என்னையா?" என்று இரண்டு தரம் கேட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அவர் கை கழுவியது புது சோப்பில். அதை நான் பார்த்தேன்.

விதிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி பழுப்பு அட்டை போட்டுக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பட்டன் வரை. ஆபீஸில் கேலியாக "பொறுப்பு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது பழக்க தோஷத்தில் "ஸ்டோர்" என்று கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்புவார்.

முதலில் குரல் விவகாரம். பெட்டி போனை எடுத்ததும் பேசுகிற அறிவிப்பை ஒரு பெண் குரலில், தேன் தடவின மாதிரி வைக்க வேண்டும் என்பது மேனேஜர் ஆசை. வரவேற்பில் இருந்த பெண்ணும் தயாராக இருந்தாள்.

"அது முடியாது சார்" என்றார் பொறுப்பு. "அறிவிப்புக்குப் பொறுப்பாளர்தான் உறுதி சொல்லணும்னு இருக்கு. வேற யாரோ சொன்னா நான் எப்படி உறுதி சொல்றது?"

"அதுக்கு அர்த்தம் அது இல்லய்யா!"

"அர்த்தம் இருக்கட்டும் சார். எழுதியிருக்கறதைப் பாப்போம்."

கடைசியில் அவரே பேசினார். நான்தான் பதிவு பண்ணினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராக நின்று, "உங்கள் குரல் பதிவு செய்யப்படும். சம்மதமில்லை என்றால் இப்போதே போனை வைத்துவிடவும்" என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டோமோ என்று கூப்பிட்டவனுக்குச் சந்தேகம் வருகிற குரல். பாதிப் பேர் சொன்னபடியே வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் "ஐயா, ஒண்ணுமில்லீங்க, ஒரு வாஷர் கேக்கலாம்னு" என்று தயங்கித் தயங்கிப் பேசினார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பொறுப்பு தினமும் காலையில் ஒரு தரம் அந்த அறிவிப்பைக் கேட்டு, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுத்தான் பேனா கொடுக்கவே ஆரம்பிப்பார்.

இரண்டாவதுதான் வினையானது.

சனி, ஞாயிறு இங்கே விடுமுறை; சனிக்கிழமைகளில் மேனேஜர் கிளை ஆபீஸுக்குப் போவார். அங்கேயும் இதே மாதிரி ஒரு பெட்டி உண்டு; நான் மாட்டியதல்ல. தனக்குச் செய்தி வந்தால் பெட்டி உடனே கிளைக்குப் போன் போட்டுத் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்படிச் செய்கிற வசதி பெட்டியில் இருந்தது. விதிப்படி அது கூடாது என்பதால் மாட்டும்போதே நான் மூடி வைத்திருந்தேன். திறக்கிற ரகசிய எண் பெட்டியோடு வந்த உறையில் மேனேஜரிடம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அவர் தன் மேசைப் போனிலிருந்தே அதைத் திறந்து விட்டிருக்கிறார். கிளையைப் பார்த்துக்கொள்கிற பெரியவரும் தன் பங்குக்கு அங்கே அதையே செய்து வைத்திருந்தார், கிளை பூட்டியிருக்கும்போது வருகிற செய்தி இங்கே வர வேண்டும் என்று. அந்தச் சனிக்கிழமை பார்த்து மேனேஜருக்குச் சளிக் காய்ச்சல். அவர் போகவில்லை. அவர் வராததால் கிளையும் பூட்டு.

எவனோ ஒரு வாடிக்கைக்காரன் பம்பு ஓடவில்லை என்று இங்கே செய்தி விட்டான். நம் பெட்டி கிளைக்குப் போன் போட்டு, "உங்களுக்கு ஒரு புதிய செய்தி இருக்கிறது" என்றது. அங்கே எடுக்க ஆளில்லை. அந்தப் பெட்டி அதையே ஒரு செய்தியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, இங்கே போன் போட்டு, "உங்களுக்கு ஒரு புதிய செய்தி இருக்கிறது" என்றது. நம் பெட்டி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி அங்கே போட்டது. சனி முழுக்க, ஞாயிறு முழுக்க, இரண்டும் மாற்றி மாற்றி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருந்தன. சம்பந்தி வீட்டார்கூட அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

திங்கள் காலையில் எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பொறுப்பு பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஒயர்காரரே, நம்ம பெட்டி நிறைஞ்சு போச்சு. ஜனங்க இப்பத்தான் புரிஞ்சுக்கிட்டு பேச ஆரம்பிச்சிருக்காங்க."

நான் காதில் வைத்துக் கேட்டேன். "புதிய செய்தி இருக்கிறது. கேட்க ஒன்றை அழுத்தவும்." அடுத்தது அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. அவர் மிரட்டலுக்கு அஞ்சாமல் கடைசி வரை பேசின ஒரே ஆள் அந்தக் கிளைப் பெட்டிதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் பூரிப்பு வடிந்த விதத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியின் சின்னக் கண்ணாடித் திரையில், எந்தப் போனிலிருந்து அந்த வசதி திறக்கப்பட்டது என்றும் தெரிந்தது. இன்டர்காம் நம்பர் பதினொன்று. மேனேஜர் மேசை. அதை அவரும் பார்த்தார். 

இதோடு போயிருந்தால் பெட்டியைக் காலி பண்ணிவிட்டு டீ குடித்திருப்போம். பம்பு ஓடாத அந்த வாடிக்கைக்காரன் இரண்டு நாளும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். எப்போது பார்த்தாலும் லைன் பிஸி. கடுப்பாகி டெலிபோன் துறைக்கே புகார் கொடுத்துவிட்டான். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது.

மேனேஜர் பொறுப்பைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. நான் நடைபாதையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க பெரிசா ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாம நடந்து போச்சுன்னு ஒரே வார்த்தை. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவர் தலையை ஆட்டாமல் வெளியே வந்தார். அடுத்தது என்னைக் கூப்பிட்டார் மேனேஜர். இந்தத் தடவை கதவைச் சாத்தினார்.

"அவரை அனுப்பித்தான் ஆகணும். துறைக்கு ஒரு ஆளைக் காட்டணும்ல? நீங்க அந்தத் திரை, நம்பர், அதெல்லாம் கிளற வேண்டாம். இங்க உங்களுக்கு இன்னும் நிறைய வேலை வர வேண்டியிருக்கு."

நான் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் என் முதுகில் தட்டி அனுப்பினார்.

கிடங்குப் பக்கமாகப் போகும்போது அவர் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டார். ஆபீஸில் அவரை நான் சார் என்றாலும் குவார்ட்டர்ஸ் பக்கம் வந்தால் அண்ணன்தான். அந்த அம்மா அண்ணி.

"தம்பி, இங்க வாங்க. உங்க அண்ணன் மூணு நாளா சோறு இறங்காம உக்காந்திருக்காரு. கேட்டா, 'பெட்டி பேசிடுச்சு, பெட்டி பேசிடுச்சு'ங்கறாரு. பெட்டி பேசினா என்ன? அதுக்குத்தானே வாங்கினாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். பதினொன்றாம் நம்பரையும் சொன்னேன். அண்ணி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆளு செஞ்சதுக்கு இவருக்கு வேலை போகுமா? வேலை போனா வீடும் போகுமே தம்பி. இவ படிப்பு முடிய இன்னும் எத்தனை மாசம் இருக்கு! சாமானைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பாகிட்ட நானும் சொல்லிப் பாத்தேன் மாமா. 'தெரியாதுன்னு சொல்லுங்க, இல்லாட்டி அவர் பேரைச் சொல்லுங்க, ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க'ன்னேன். புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு என்னைப் பாக்கவே இல்ல."

"அவரு சொல்ல மாட்டாரு" என்றார் அண்ணி. "நீங்க சொல்லுங்க தம்பி. உங்களுக்கு அந்தக் கம்பெனி இல்லாட்டி நாலு கம்பெனி."

நாலு கம்பெனி இருந்தால் நான் ஏன் வெயில் காலத்தில் அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டு கிடக்கப்போகிறேன்? ஆனாலும் சொல்கிறேன் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். தடித்த கண்ணாடி, கனமான கைப்பை. டீ வேண்டாம் என்றார். அப்போதே மேனேஜருக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஸ்டிக்கரைப் பார்த்தார். குனிந்து எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"எர்த் யார் போட்டது?"

"நான்தாங்க மேடம்."

"சரியா இருக்கு."

இதை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாரும் எழுதப் போவதில்லை.

"பெட்டி தானா வெளிய டயல் பண்ணியிருக்கு. யார் இங்க பொறுப்பாளர்?"

மேற்குச் சுவர் ஓரமாக நின்றிருந்தவர் ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தான்."

மேனேஜர் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். இரக்கப்படுகிற மாதிரி நடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "மேடம், அவரைக் கோச்சுக்காதீங்க. பாவம், அவருக்கு என்ன தெரியும்? பேனா, சோப்பு குடுக்கறவர். பேருக்குத்தான் போட்டிருந்தோம்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பேருக்கா?"

"இல்ல... அதாவது மேடம்..."

"பேருக்கு ஒரு ஆளைப் போட்டு வாங்கின அனுமதி செல்லாது. அப்ப கேஸு அவர் மேல வராது. விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டவர் மேல வரும். அது யாரு?"

மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார். ஆள் தானாகவே குழியில் விழுந்துவிட்டார். இனி நான் ஒரு தள்ளு தள்ளினால் போதும். அண்ணிக்குக் கொடுத்த வாக்கும் ஆச்சு. தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டேன்.

"மேடம், இந்தத் திரையில பாருங்க, எந்தப் போன்ல இருந்து..."

"ஒயர்காரரே." பொறுப்பு என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "உங்களைக் கேட்டாங்களா?"

"இல்ல சார், நான் என்ன சொல்ல வரேன்னா..."

"உங்க வேலை ஒயரோட முடிஞ்சுது. பெட்டி என்னுது."

அத்தனை பேர் முன்னால். நான் யாருக்காக வாயைத் திறந்தேனோ அந்த ஆளே. 

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அறிவிப்புக் குரலில் சொன்னார்: "பேருக்கு இல்ல மேடம். அந்தப் பெட்டியில எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. வெளிய டயல் பண்ணினது எனக்குத் தெரியும். நான்தான் விட்டேன்."

"எதுக்கு விட்டீங்க?"

அவ்வளவு தூரம் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நல்லா வேலை செய்யுதான்னு பாக்க."

"ரெண்டு நாளாவா?"

"பாக்கறதை முழுசாப் பாக்கணும்னு."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை, சிரிப்பை மறைத்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு உட்கார்ந்து எழுதினார். பொறுப்பாளர் தெரிந்தே விதியை மீறியிருக்கிறார். துறையின் பள்ளிக்கூடத்தில் அவர் பயிற்சிக்குப் போக வேண்டும், பரீட்சையும் தேற வேண்டும். தேறுகிறவரை பெட்டியை அணைத்து வைக்க வேண்டும்.

"அவர் தேறி வர வரைக்கும் பொறுப்பாளரை மாத்தக் கூடாது" என்றார் மேனேஜரிடம். "வேலையை விட்டு அனுப்பினாலும் மாத்தின கணக்குதான். மாத்தினா விசாரணையை முதல்லேருந்து ஆரம்பிப்போம். பேருக்குன்னு சொன்னீங்களே, அங்கேருந்து."

"ஐயோ, மாத்தவே மாட்டோம் மேடம்!" மேனேஜர் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, தலையைக் கொடுக்க வைத்திருந்த ஆள் மேனேஜர் தலையைக் காப்பாற்றிவிட்டார். அது அவருக்கே தெரியாது. அவருக்கு அது நோக்கமும் இல்லை.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க? அந்த ஆளு வசமா மாட்டியிருந்தாரே! நான் சொல்லி முடிச்சிருந்தா..."

"என்ன சொல்லி முடிச்சிருப்பீங்க? எனக்குத் தெரியாம நடந்துச்சுன்னுதானே?"

"அதுதானே உண்மை!"

"இருபது வருஷமா இந்த ஆபீஸ்ல ஒரு ரீஃபில் எனக்குத் தெரியாமப் போனதில்ல. என் கண்ணு முன்னாடி மாட்டியிருக்கற பெட்டி ரெண்டு நாள் பேசியிருக்கு, எனக்குத் தெரியாதுன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா? போங்க, வேலையைப் பாருங்க."

அண்ணி என்னிடம் அப்புறம் சொன்னார்: "உங்க அண்ணனுக்கு வீடு போனாப் பரவாயில்ல தம்பி. பொறுப்பு போகக் கூடாது. கட்டிக்கிட்டு நான் படறேன்."

வீடும் போகவில்லை. துறையின் பள்ளிக்கூடத்தில் இளசுகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தார். முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவையும் தோற்றார். பரீட்சைத் தாளில் எர்த் பற்றிய கேள்விக்கு, "ஒயர்காரரைக் கேட்கவும்" என்று எழுதிவிட்டு வந்ததாக மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு நாளும் பெட்டி அணைந்தே கிடந்தது. கூப்பிட்டவர்கள் ஆள் எடுத்தால் பேசினார்கள், எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிட்டார்கள். அந்தச் சமயத்தில் வியாபாரம் கொஞ்சம் கூடியது என்று கணக்குப் பார்க்கிறவரே சொன்னார். மூன்றாம் தடவை தேறினார். சான்றிதழைச் சட்டம் போட்டு வாங்கி வந்து, அதை மாட்ட இடம் வேண்டுமென்று பெட்டியை ஒரு சாண் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். என்னை எதில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் சான்றிதழ் உள்ள ஒரே ஆள் அவர். அவரை அனுப்பினால் பெட்டியை அணைக்க வேண்டும். பெட்டியை எடுக்கவும் அவர் கையெழுத்து வேண்டும். மேனேஜருக்கும் அவரைச் சீண்ட இஷ்டமில்லை. கண்ணில் பட்டால் வழி விட்டுப் போவார். பதினொன்றாம் நம்பரைப் பற்றிப் பொறுப்பு ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறக்க மாட்டார் என்று மேனேஜருக்குத்தான் தெரியாது.

சம்பளம் அதேதான். ஆனால் இரண்டாவதாக ஒரு நாற்காலி கேட்டு வாங்கினார். ஒன்று ஸ்டோருக்கு, ஒன்று பொறுப்புக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். பொறுப்பு நாற்காலியில் இருக்கும்போது யாராவது பேனா கேட்டால், "ஸ்டோர்ல போய்க் கேளுங்க" என்பார். கேட்டவன் ஜன்னலுக்கு முன்னால் போய் நிற்பான். இவர் எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன வேணும்?" என்பார்.

அப்புறம் எல்லோர் கையிலும் மொபைல் வந்துவிட்டது. வாய்ஸ்மெயிலில் யார் பேசுவார்கள்? தப்பான நம்பர் போட்டவன்கூட அவர் குரலைக் கேட்டு வைத்துவிடுவான். மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். வந்த புது மேனேஜர், "இது என்ன பெட்டி?" என்று கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துக் கேட்டபோது, "விதி இன்னும் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார் பொறுப்பு. தினமும் காலையில் தன் அறிவிப்பைக் கேட்டுத் தலையாட்டுவது மட்டும் நிற்கவில்லை. நானும் வெயில் காலத்துக்கு வெயில் காலம் போய்த் துடைத்துவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற ஒரு வருஷமோ என்னவோ பாக்கி இருக்கும்போது அவருக்கு இருதயம் கோளாறு பண்ணியது. மகள் நர்ஸாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். நான் போனபோது கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி விசிறிக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரு வந்தா?" என்றார் அண்ணி. "ஸ்டோர் சாவி எங்கன்னு கேட்டு ஒரு பையன் வந்தான். சோப்பு வேணுமாம்."

அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். "ஒயர்காரரே" என்றார். "பொறுப்பாளர் இல்லாதப்ப பெட்டி ஓடக் கூடாது. இப்ப ஓடிக்கிட்டிருக்கு."

"யாருண்ணே அதுல பேசப் போறாங்க? விடுங்க."

"யாரும் பேசாட்டியும் ஓடுதுல்ல?"

"பாருங்க தம்பி" என்றார் அண்ணி. "டாக்டர் இவரைப் பேசவே கூடாதுன்னிருக்காரு. இவரு பெட்டியைப் பத்திப் பேசறாரு."

"நீ போய்க் கொஞ்சம் வெந்நீர் கொண்டா" என்று அண்ணியை அனுப்பினார். கதவு சாத்துகிறவரை பார்த்திருந்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து பெட்டி சாவியை எடுத்து என் கையில் வைத்து மூடினார். கை சில்லென்றிருந்தது.

"போய் அணைச்சுடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"புது மேனேஜர்கிட்டயாவது ஒரு வார்த்தை..."

"முக்கியமா அவர்கிட்டச் சொல்லாதீங்க தம்பி." அன்றைக்குத்தான் என்னை முதல் தடவையாகத் தம்பி என்றார். "அணைச்சுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி வந்துடுங்க. அப்புறம் அப்பப்பப் போய்ப் பாத்துக்கிட்டிருங்க. எந்தக் கிழமை, யாரு முதல்ல கவனிச்சு, 'பெட்டி அணைஞ்சிருக்கே, பொறுப்பு எங்க?'ன்னு கேக்கறாங்கன்னு, அதை மட்டும் எனக்கு வந்து சொல்லுங்க."